ஷெனோன்சோ மாளிகை

பிரான்சு தேசத்தில் தூர் நகரத்துக்குக் கிழக்கே, ஷெர் நதியின் குறுக்கே நிற்கும் இம்மாளிகை, அந்நாட்டில் 1840-இல் வெளியான வரலாற்றுச் சின்னங்களின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றது. இவ்விடத்தில் இருந்த மார்க் வம்சத்தாரின் கோட்டையை விலைக்குப் பெற்ற தோமா போயே என்னும் அரசாங்க நிதி அதிகாரி, வட்டமான கோபுரம் ஒன்றை மட்டும் விட்டுவைத்து ஏனையவற்றை இடித்துவிட்டு, ஆற்றுக்குள் நின்ற பழைய மாவாலையின் கற்கால்களின்மீதே 1513 முதற்கொண்டு புதிய மாளிகையை எழுப்பலானார். யுத்த காரியமாக அவர் இத்தாலியில் தங்க நேர்ந்த காலங்களில் வேலையை முன்னின்று நடத்தியவர் மனைவி கத்ரீன் பிரிசோனே. வளைந்தேறும் சுழற்படிகளே வழக்கமாயிருந்த அந்நாளில் இத்தாலிய முறைப்படி நேராக ஏறும் படிக்கட்டை இங்கே அமைத்தது அக்காலத்துக்குப் பெரும் புதுமை. முன்கூடத்தின் வில்வளைவு விதானத்தில் முடிகற்கள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் இடமும் வலமுமாக மாறிமாறி நிற்பதை அண்ணாந்து பார்ப்பவர்கள் காணலாம். சமையற்கட்டோ ஆற்றிலிருந்து எழும் கற்கால்களின் உட்குடைவில் இருக்கிறது.

போயே வைத்துப்போன கடனுக்காக 1535-இல் மாளிகை அரசுடைமையாயிற்று. இரண்டாம் ஹென்றி மன்னர் 1547-இல் இதைத் தம் காதற்கிழத்தி டயான் டி புவாத்தியேவுக்கு அளிக்க, அவர் ஃபிலிபேர் தெலோர்ம் என்னும் சிற்பியைக் கொண்டு அக்கரை வரை பாலம் கட்டுவித்தார். 1559-இல் மன்னர் போட்டிக்களத்தில் ஈட்டி பாய்ந்து மாண்டதும், பட்டத்தரசி கத்ரீன் தே மெதிசி, ஷோமோன் மாளிகையை ஈடாகக் கொடுத்து டயானை இங்கிருந்து அகற்றினார்; பின்னர் அதே பாலத்தின்மேல், 60 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 18 சாளரங்களும் உடைய நெடுங்கூடத்தை எழுப்பி அதை நடன மண்டபமாக்கினார். வெண்கல்லும் கரும்பலகைக்கல்லும் சதுரங்கக் கட்டமாய்ப் பதித்த தரையுடைய இக்கூடம், போயேவின் கூர்முகட்டு மாளிகையோடு இசையாமல் சற்றுக் கனத்தே நிற்கிறதென்று சொல்லலாம். எனினும் ஷெனோன்சோவின் கீர்த்தி பெரும்பாலும் இதனாலேயே ஏற்பட்டது.

கத்ரீனின் மருமகளும் மூன்றாம் ஹென்றியின் விதவையுமான லூயிஸ், கணவர் கொலையுண்ட 1589-க்குப்பின், வெண்ணிறத் துக்க உடை பூண்டு, கறுப்புப் பூசிய அறையில் இங்கேயே வாழ்ந்தார். 1733-இல் இதை வாங்கிய துப்பேன் குடும்பத்தில் ரூசோ காரியதரிசியாகவும் பிள்ளைகளின் ஆசிரியராகவும் இருந்ததுண்டு. புரட்சிக் காலத்தில் பிரபுக்களின் மாளிகைகள் பல சூறையாடப்பட்டும் இது தப்பியதற்குத் துப்பேன் அம்மையாரிடம் ஊரார் கொண்டிருந்த அபிமானத்தோடு, அவ்வட்டாரத்தில் ஆற்றைக் கடக்க இப்பாலம் பயன்பட்டதும் காரணமாகக் கூறப்படுகிறது.

1864-இல் மாளிகையை வாங்கிய பெலூஸ் சீமாட்டி, கத்ரீன் காலத்து மாறுதல்கள் சிலவற்றை நீக்கிப் பழைய தோற்றத்தை மீட்க முயன்றதில் தம் செல்வத்தையெல்லாம் கரைத்தார். 1913-இல் சாக்கலேட் வியாபாரத்தில் பெருந்தனம் ஈட்டிய மெனியே குடும்பத்தார் இதை வாங்கினர்; முதல் உலகப் போரில் நெடுங்கூடத்தைக் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையாக ஒழித்துக் கொடுத்தவர்கள் இவர்களே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வகுத்த எல்லைக்கோடு ஷெர் நதியை ஒட்டிச் சென்றமையால், மாளிகையின் தலைவாயில் அவர்கள் பிடித்த பகுதியிலும் கூடத்தின் தென்வாயில் ஆக்கிரமிக்கப்படாத பகுதியிலுமாக அமைந்தன. அக்கரைக்குத் தப்பிச் சென்றவர்கள் அத்தென்வாயிலைப் பயன்படுத்தினர்.