பெரிய டப்பா வாங்கும் முன் சின்ன பாக்கெட்: முகப்பூச்சுகளைச் சோதித்து வாங்குவது எப்படி?

சபராளி ஊர் வந்து பெட்டி திறக்கும் நாளில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், ராஜகிரி என எந்த ஊர் வீடாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். சென்ட் பாட்டில், சோப்பு, சாக்லேட், தைலம் ஆகியவற்றோடு ஏதாவது ஒரு முகக் க்ரீமும் இருக்கும். லாத்தாவுக்கு ஒன்று, மச்சிக்கு ஒன்று, பக்கத்து வீட்டு மாமிக்கு ஒன்று என்று பங்கு போகும். வாங்கியவர் அன்றிரவே முகம் முழுக்கப் பூசிக்கொள்வார். நான்காம் நாள் கன்னம் சிவந்து அரித்தால், "வெயில் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையே பூசுவார்.

அரிசி வாங்கும்போது ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் நம் வீட்டுப் பெண்கள் மூட்டை எடுப்பதில்லை. அத்தர் வாங்கினாலும் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, சற்று நேரம் கழித்து முகர்ந்து பார்த்துத்தான் விலை பேசுகிறோம். முகத்தில் நாள் முழுக்க ஊறப்போகும் பொருளுக்கு மட்டும் அந்த நிதானம் இல்லாமல் போகிறது. சாம்பிளை வைத்து எப்படிச் சோதிப்பது, அந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடலூர் காட்டிய வழி

சின்ன பாக்கெட்டில் வாங்கிப் பார்க்கும் பழக்கம் இந்தியா முழுவதும் பரவியதில் நமக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. அவ்வூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஏழைகளும் வாங்கும்படி பொருள்களைச் சிறு பொட்டலங்களில் விற்க முயன்றவர். டால்கம் பவுடர், எப்சம் உப்பு என்று தொடங்கி ஷாம்புவையும் சாஷேயில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு. அந்த நிறுவனமே இன்று கெவின்கேர்.

ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களில் அவர்கள் விளம்பரத்தை மட்டும் நம்பவில்லை. ஊர் நடுவே ஒரு பையனை உட்கார வைத்து, தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். இலவச சாஷேக்களும் கொடுத்தார்கள். எந்த ஷாம்புவின் காலி சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றும் ஒரு திட்டம் வைத்தார்கள். பார்த்துப் பிடித்த பிறகு வாங்கினால் போதும் என்ற நம்பிக்கைதான் அந்த வியாபாரத்தின் அடிப்படை.

ஆனால் ஷாம்புவுக்கும் முகக் க்ரீமுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. ஷாம்பு சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும். க்ரீம் தோலில் தங்குகிறது, நாள்தோறும் சேர்கிறது. அதனால் ஒரு தடவை பூசிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று முடிவு செய்வது சோதனை ஆகாது.

எங்கே, எத்தனை நாள் பூசிப் பார்ப்பது?

அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் அமைப்பு பரிந்துரைக்கும் முறை எளிமையானது. முழங்கை மடிப்பிலோ முன்கையின் உட்புறத்திலோ ஒரு நாணயம் அளவு இடத்தில், நாளுக்கு இரண்டு தடவை, 7 முதல் 10 நாள் வரை பூச வேண்டும். வழக்கமாக எவ்வளவு கனமாகப் பூசுவீர்களோ அதே கனத்தில் பூச வேண்டும். ஃபேஸ் வாஷ் போன்ற கழுவும் பொருளாக இருந்தால், வழக்கமாக எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவிவிடலாம்.

ஏன் இத்தனை நாள்? தோலில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று எரிச்சல்: காரமான பொருள் பட்டவுடன் அல்லது ஓரிரு நாளில் எரியும். மற்றொன்று ஒவ்வாமை: ஒரு பொருளை உடம்பு புதிதாக எதிரியாக அடையாளம் கண்டுகொள்ள ஒரு வாரத்துக்கு மேலும், பெரும்பாலும் 10 முதல் 14 நாளும் ஆகும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குக்கூட அரிப்பும் கொப்புளமும் உடனே வராமல் ஒன்று முதல் மூன்று நாளில்தான் தெரியும். வாசனைச் சேர்மங்களும், பொருள் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்துகளும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. 10 நாள் சோதனையில் தப்பிய க்ரீம் பிறகு ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் ஒன்றும் ஆகவில்லை என்றால், அடுத்து தாடையோரமாகக் காதுக்குக் கீழே சில நாள் பூசிப் பாருங்கள். அதன் பிறகே முகம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருளை மட்டும் சோதியுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பூசினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. சாஷேயைப் பிரித்த பிறகு விரலை உள்ளே விடாமல் சுத்தமான பஞ்சுக் குச்சியால் எடுத்து, மடித்து கிளிப் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். காலி சாஷே வாய்க்காலுக்குப் போகாமல் குப்பைத் தொட்டிக்குப் போகட்டும்.

நம் ஊர் வெயிலும் வேர்வையும்

சோதனையை உங்கள் வழக்கமான நாளிலேயே செய்யுங்கள். ஏசி கடையில் மென்மையாகத் தெரியும் க்ரீம், கத்திரி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வழியும். குறுவை நடவுக்குச் சேற்றில் இறங்குபவருக்கும், மெயின்ரோட்டுக் கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் ஒரே பொருள் ஒரே மாதிரி இருக்காது. புர்கா, தலைத்துணிக்குள் நெற்றியும் கழுத்தும் வேர்க்கும்போது உராய்வு அதிகமாகும். அங்கே ஒட்டும் க்ரீமால் பருவும் அரிப்பும் கூடலாம்.

ஐவேளை ஒளு செய்பவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். முகம் கழுவித் துடைத்தால் சன்ஸ்க்ரீனும் போய்விடும். வெயிலில் இருப்பவர் மறுபடி பூச வேண்டும். எனவே பூசுவதற்கு எளிதாக, விலை கட்டுப்படியாகிறதா என்று சாம்பிளிலேயே கணக்குப் பாருங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று எழுதிய கண் மை, ஃபவுண்டேஷன் போன்றவை தண்ணீரைத் தோலில் பட விடாமல் தடுக்கக்கூடியவை. அது எவ்வளவு எளிதில் அகலுகிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு சிரமமில்லை.

வண்ணப் பொருள்களும் கடை டெஸ்டரும்

ஃபவுண்டேஷன் நிறத்தைப் புறங்கையில் பார்க்காதீர்கள். கையும் முகமும் ஒரே நிறம் அல்ல. தாடையோரம் சிறு கோடு போட்டு, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். சில வகைகள் பூசிய சற்று நேரத்தில் கருத்துப்போகும் என்பதால் அரை மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள்.

கடையில் பலர் தொட்ட டெஸ்டரை உதட்டிலும் கண்ணிலும் வைக்கவே கூடாது. மெட்ராஸ் ஐ, உதட்டில் வரும் அக்கிப் புண் போன்றவை அப்படிப் பரவக்கூடியவை. லிப்ஸ்டிக்கைக் கையில் போட்டு நிறம் மட்டும் பாருங்கள். கண் மையை டெஸ்டரில் சோதிக்கவே வேண்டாம்.

மருதாணியும் ஹேர் டையும்

சோதிப்பதைச் சட்டமே கட்டாயமாகச் சொல்லும் ஒரு பொருள் உண்டு: பிபிடி எனப்படும் பாராஃபினைலின் டையமின் கலந்த ஹேர் டை. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிதளவு பூசி, காய விட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவி, எரிச்சலோ வீக்கமோ இல்லை என்றால்தான் தலைக்குப் போட வேண்டும் என்ற குறிப்பு அந்தப் பெட்டியோடு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. புருவத்துக்கும் இமைமுடிக்கும் போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும். எத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் படிக்கிறோம்?

இதே பிபிடி "கறுப்பு மருதாணி" கோன்களிலும் கலக்கப்படுகிறது. இயற்கை மருதாணி ஆரஞ்சில் தொடங்கி அடர் பழுப்பாக மாறும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்காது. தோலில் நேரடியாகப் பூச பிபிடிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதி இல்லை. பெருநாள் இரவில், நிக்காஹுக்கு முந்தைய நாளில், லேபிளே இல்லாத கோனை வாங்கிச் சிறுபிள்ளைகளின் கையில் போடுகிறோம். கொப்புளம் வந்து ஆறினாலும் ஒவ்வாமை உடம்பில் தங்கிவிடும். பிற்காலத்தில் அதே பிள்ளை ஹேர் டை போடும்போது முகமே வீங்கும் நிலை வரலாம். இலையை அரைத்துப் போடுவது எந்நாளும் பாதுகாப்பு.

சோதனையில் தெரியாத விஷம்

இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். சாம்பிள் சோதனை எரிச்சலையும் ஒவ்வாமையையும் காட்டும். பாதரசத்தைக் காட்டாது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாகவே காணப்படும் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசி வந்தவர்கள். இந்த ஆய்வு சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. பாதரசம் தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கிறது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம் என்று தெரியும்போது மாதங்கள் ஓடியிருக்கும். பூசுபவரிடமிருந்து வீட்டிலுள்ள பச்சிளம் குழந்தைக்கும் அது சேரும்.

இன்னொன்று ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்த க்ரீம் சில நாளிலேயே முகத்தைப் பளிச்சென்று காட்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளம் வெளியே தெரிந்து, பருவும் முடியும் வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுநாள் வலியுறுத்தியதன் பேரில் 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது.

ஆகவே சாம்பிள் போடும்போது அரித்தால் நிறுத்துகிறோம், சரி. ஒரு வாரத்தில் நிறம் மாறினால்? அப்போதுதான் இன்னும் கவனமாக நிறுத்த வேண்டும். அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கும் க்ரீமில் சொல்லப்படாத ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். கைப்பெட்டியில் வந்த பொருளில் இவை இருக்காது. கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்ற அழகுப் பொருள்களில் பாதரசம் தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டின் இந்திய அழகுப் பொருள் விதிகள். கேலோமெல், மெர்க்குரிக், மெர்குரியோ என்ற சொற்களோ, "தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது" என்ற குறிப்போ இருந்தால் அது பாதரசத்தின் அடையாளம்.

சாம்பிளில் ஒரு சிக்கல் உண்டு. 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த க்ரீமுக்கும் சேர்மானப் பட்டியல் அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே கடையில் பெரிய பெட்டியைத் திருப்பி, அதிலுள்ள பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒத்துக்கொள்ளாமல் போனால் மருத்துவரிடம் காட்ட அதுவே உதவும். பெரிய டப்பாவில் மூடி திறந்த குப்பி படத்தோடு 6 எம், 12 எம் என்று போட்டிருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது.

கோளாறு வந்தால்

உடனே நிறுத்தி, தண்ணீரால் கழுவுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வேறொரு க்ரீம் பூசாதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மற்றபடி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். வெளுப்பு க்ரீம் பூசியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அது உதவும்.

நுகர்வோர் புகாருக்குத் தேசிய உதவி எண் 1915. சந்தேகமான பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டம், பிரிவு 26 வாங்கியவருக்கே தருகிறது. ஜமாஅத்தோ மகளிர் குழுவோ சேர்ந்து ஊரில் அதிகம் விற்கும் ஒரு க்ரீமை அப்படிச் சோதிக்கக் கொடுத்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்படும்.

சபராளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்தில் முகக் க்ரீமுக்குப் பதில் பேரீச்சம்பழம் ஒரு டப்பா கூடுதலாக வரட்டும். நம் பெண்மக்களின் முகம் அல்லாஹ் கொடுத்த நிறத்திலேயே அழகாகத்தான் இருக்கிறது.