முக்கோணத்தில் பிறந்த கணக்கு

நண்பர்களே, நம்மை மிரட்டிய ஃபைனைட் எலிமெண்ட் பாடம் ஞாபகம் இருக்கா? பிறந்த இடம் போயிங் விமானக் கம்பெனி.

டெல்டா இறக்கை எவ்வளவு வளையும்? பழைய உத்தரக் கணக்கு அதற்குச் சரிப்படலை. 1953 கோடையில் டர்னரும் ரே கிளஃபும் தகட்டை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கூட்டிப் பார்த்தார்கள். கட்டுரை வந்தது 1956-இல். கிளஃப் பெயர் சூட்டியது 1960-இல். (கூரண்ட் என்ற கணித மேதை 1943-லேயே முக்கோணம் போட்டிருந்தார்!)

அதே முறைதான் 1991 ஆகஸ்ட் 23-இல் நார்வேயைக் கலங்கடித்தது. ஸ்லைப்னர்-ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே கடலில் மூழ்கிப்போச்சு. சுவர்ச் சந்திப்பில் வலைப்பின்னலைச் சரியாகப் போடாததால் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் பாவம், கொடுத்ததைத்தான் கணக்குப் போட்டது. புது அடித்தளத்தை ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கிலேயே வடிவமைத்தார்கள். கம்ப்யூட்டர் விடை வருவதற்குள் பெரும்பகுதி கட்டியாச்சு.