மண்டபம் கேம்ப்பும் கம்பளிப்புழுவும்: அம்மை வைரஸின் பங்காளிகள்

மண்டபம் கேம்ப் என்றதும் இன்று பலருக்கு ஞாபகம் வருவது இலங்கை அகதிகள் முகாம். அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களை இலங்கை அரசு இங்கேதான் நிறுத்தி வைத்தது. காலரா, பெரியம்மை பயம். உடம்பைச் சோதித்து, துணிகளுக்குக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தி அனுப்பினார்கள்.

துணி மேல் என்ன கோபம்? அது வைரஸ் துகளின் குணத்தால் வந்த வினை. பெரியம்மைத் துகள் செங்கல் வடிவம், சுமார் 300 நானோமீட்டர் நீளம். காய்ந்த பொருக்கிலும் துணியிலும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். உடம்புக்குள்ளேயும் சுமார் 12 நாள் வெளியே தெரியாமல் பதுங்கியிருக்கும். ஆளைப் பார்த்தால் மட்டும் போதாது என்பதால்தான் ஊசியும்.

இந்த வைரஸுக்குப் பூச்சிகளிடம் பங்காளிகள் உண்டு. 1963ல் வாகோ என்பவர் ஐரோப்பிய வண்டு ஒன்றில் முதலாவதைக் கண்டார். 1968ல் ராபர்ட்ஸும் கிரனடோஸும் விவரித்தது இந்தியச் சிவப்புக் கம்பளிப்புழுவின் வைரஸ். நம்ம பக்கம் கடலைக்காட்டை மொட்டையடிக்கிற கம்பளிப்புழு அந்தப் புழுவுக்கு நெருங்கிய சொந்தம்.

இரண்டுக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பூச்சி வைரஸ் செங்கல் மாதிரி இல்லாமல் முட்டை மாதிரி இருக்கும். அதன் டிஎன்ஏ சுமார் 2,32,000 எழுத்து. பெரியம்மைக்குச் சுமார் 1,86,000. பெரிய வித்தியாசம் வெளியே இருக்கிறது. பூச்சி வைரஸ் துகள்கள் பல சேர்ந்து ஒரு புரதக் கட்டிக்குள் புதைந்து கிடக்கும். செத்த புழு மண்ணோடு மக்கிவிடும். அடுத்த மழைக்குத்தான் புதுப்புழு வரும். அதுவரை காவல் அந்தக் கட்டி. இலையோடு சேர்த்துப் புழு தின்றதும், அதன் குடலின் காரத்தில் கட்டி கரைந்து வைரஸ் வெளியே வரும். பாலூட்டிகளின் செல்லுக்குள் இந்த வைரஸ் நுழைந்தாலும் பெருகுவதில்லை.

மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு மூச்சில் தாவும் பெரியம்மைக்கு அப்படியொரு கட்டி தேவைப்படவில்லை. அதுவே அதற்கு வினையாகவும் போனது. மனுஷனை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை, மண்ணில் காத்திருக்கவும் வழியில்லை. ஊசி பரவலாக எட்டியபோது ஓட இடமில்லாமல் போயிற்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம். 1980ல் உலகமே விடுபட்டதாக அறிவிப்பு.

அந்தத் துகளுக்குத் துரை, கூலி என்ற பேதம் தெரியாது. அடைத்து வைத்து நாள் எண்ணியது மட்டும் கூலியைத்தான்.