அரிசி மலையேறிய வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், தேயிலையும் ஏலமும் அடர்ந்த சரிவுகளுக்கிடையே சின்னக்கானல் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அங்குள்ள தோட்ட லயங்களில் நம் காதில் விழுவது பெரும்பாலும் தமிழே. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துடன் நின்றன. ஆகவே பம்பாயிலும் தில்லியிலும் வாழும் தமிழரைப் போன்றே இம்மலைத் தமிழரும் பிறமாநிலத் தமிழர்தாம்.

இவ்வூரின் பெயரை அண்மையில் நாடறியச் செய்தது ஒரு யானை. அரிக்கொம்பன் என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. புல்லும் தழையும் தின்று வாழவேண்டிய அந்தக் கொம்பன் அரிசியின் சுவையறிந்து, பன்னியாறு எஸ்டேட்டின் ரேஷன் கடையைப் பலமுறை இடித்தது. வீடுகளின் சுவரைத் தள்ளி அரிசிப் பானையைத் தேடிற்று. 2023 ஏப்ரல் 29 அன்று வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி, நான்கு கும்கி யானைகளின் துணையுடன் அதனை லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு மாதம் கழிவதற்குள் அது கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறையினர் மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டனர்.

செய்தியைக் கேட்டு நகைத்தவர் பலர். நாம் நகைக்குமுன் நமது இலையைச் சற்றுக் குனிந்து பார்ப்பது நலம். சின்னக்கானல் சரிவுகளில் நெல் விளைவதில்லை. அங்கு யானைக்கு எட்டும் இடத்தில் அரிசி வந்தது எவ்வாறு? அந்த வினாவைப் பிடித்துக்கொண்டு சென்றால், நம்மில் பலருக்கு மருத்துவர் இன்று சொல்லும் ‘சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள்’ என்னும் அறிவுரையின் வரலாறும் உடன் கிடைக்கிறது.

தேயிலை வருமுன் இம்மலைகளில் வாழ்ந்தவர் முதுவர் முதலிய பழங்குடியினர். காட்டின் ஒரு பகுதியைத் திருத்திக் கேழ்வரகும் சிறுதானியங்களும் விதைத்து, கிழங்கும் கீரையும் தேனும் தேடி உண்டனர். 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சின்கோனா, காப்பி எனப் பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்தபின், 1880இல் முதன்முதலாகத் தேயிலை நடப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை வளர்க்கப் பல்லாயிரம் கைகள் வேண்டியிருந்தன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி மலையேற்றினர்.

அவ்வாறு வந்தோர் தம் ஊரில் உண்டது அரிசியா? அன்று. கம்பங்கூழ், சோளச்சோறு, கேழ்வரகுக் களி இவையே அன்றாட ஆகாரம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் உரியது. மிராசுதார் வீட்டுச் சோறு என்பது ஏழைக்கு ஒரு கனவு. மலைமீதோ, தோட்டத்தில் அரிசி கிடைத்தது. தென்னாட்டுத் தோட்டங்களில் அரிசியை நிர்வாகமே தருவித்து வழங்கி, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. கீழே விளைந்த நெல் பொதிமாடுகளின் முதுகிலும் மனிதர் தலையிலும் மேலே ஏறிற்று. மூணாற்றுப் பக்கம் டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கருகேயுள்ள கொட்டகுடி வரை கம்பிவழித் தொட்டில் அமைத்தனர். தேயிலைப் பெட்டி இறங்கிய கம்பியிலேயே அரிசி மூட்டை ஏறிற்று. கூலிக்கு வந்தவரின் முதல் தலைமுறை கண்ட செல்வம் இந்தச் சோறு ஒன்றே எனலாம். இன்று ‘சோறு ஆகாது’ என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

அச்சோறு அவர்களை நோயாளியாக்கவில்லையா என்று கேட்கலாம். நாளெல்லாம் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, செங்குத்தான சரிவில் ஏறி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி முதுகில் சுமந்து, பனியிலும் மழையிலும் நின்றவாறே கொழுந்து பறித்து, நிறுவைக்குச் சுமந்து சென்று, மாலையில் விறகு பொறுக்கிக்கொண்டு லயம் திரும்புவர். உண்ட மாவுச்சத்து உடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உழைக்கும் தசை அச்சர்க்கரையை விறகுபோல் எரித்துவிடும். எரிக்க வேலையில்லாதபோது அது கொழுப்பாகச் சேர்கிறது. கணையம் ஓயாது இன்சுலின் சுரந்து களைக்கிறது. தேகப் பயிற்சி என்று தனியே ஒன்றைத் தேடவேண்டிய அவசியம் அம்மக்களுக்கு அன்று இல்லை. அவர்களிடம் குறைவாக இருந்தது வேறு: பருப்பு, பால், முட்டை, கறி.

இக்குறையை முதலில் அளந்து காட்டியதும் ஒரு மலையூர்தான். நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் 1918இல் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு வரும் நோய் அது. பின்னர் 1920களில் அவர் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துவந்தார். சீக்கியரின் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்கு கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்தாரின் சோற்று உணவை உண்டவை மிகப் பின்தங்கின. பஞ்சாபில் வாழும் தமிழன்பர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். தவறு தமிழனிடத்தில் இல்லை. தீட்டித் தவிடு நீக்கிய அரிசி மிகுந்து, பாலும் பருப்பும் காயும் சுருங்கிய இலையில்தான். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் இயங்கிவருகிறது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. வெளியரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. மரவள்ளிக் கிழங்கு பல உயிர்களைக் காத்தது. ஆயினும் அதுவும் மாவுச்சத்தே. பஞ்சம் நீங்கியபின் சோறு இன்னும் பெருமதிப்புப் பெற்றதில் வியப்பில்லை. ரேஷன் கடை அரிசி ஏழையின் உரிமை ஆயிற்று. அது நியாயமே.

பிறகு வேலை மாறிற்று, இலை மாறவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் படித்துக் கடையிலும், அலுவலகத்திலும், ஆட்டோ ரிக்‌ஷாவிலும் அமர்ந்தனர். திருப்பூருக்கும் கொச்சிக்கும் சென்றனர். பாட்டி உண்ட அளவு சோற்றைப் பேரன் உண்டான். பாட்டி ஏறிய மலையை அவன் ஏறவில்லை. அதன்மேல் டீயில் சர்க்கரை, மாலையில் பரோட்டா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு ஒன்று 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு. கேரளத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு.

மாவைக் குறைத்து உடலை உழைக்கச் செய்வது இன்று நேற்றுத் தோன்றிய முறையன்று. சுசுருதர் பிரமேக நோயாளிக்குச் சொன்ன மருத்துவத்தில், குடையும் செருப்புமின்றி நூறு யோசனை தூரம் நடப்பதும், கிணறு தோண்டுவதும் அடங்கும். சரகர் அந்நோய்க்கு யவம் என்னும் பார்லியை முதன்மை உணவாக வைத்தார்.

மேனாட்டில் இம்முறையைப் பொதுமக்களிடையே பரப்பியவர் மருத்துவர் அல்லர். லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர். 202 ராத்தல் எடையுடன் குனிந்து செருப்பு மாட்ட இயலாமல் தவித்த அவர், முதலில் பயிற்சியை மட்டும் நம்பி, காலையில் படகு வலித்தார். பசி பெருகிற்று, உண்டார், எடை ஏறிற்று. பின்னர் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்கச் சொன்னார். ஓராண்டில் ஏறத்தாழ 46 ராத்தல் குறைந்தது. 1863இல் பாண்டிங் இதனைச் சிறு நூலாக எழுதித் தாமே வெளியிட்டார். நடையை ஆரம்பித்துவிட்டு, திரும்பும் வழியில் நான்கு இட்டிலி உண்ணும் நண்பர்கள் பாண்டிங்கின் படகை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பயிற்சி வீண் என்று கொள்வது பெரும் பிழை. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, ரொட்டி கிடைக்காத நாட்களில் தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பூஷர்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டார். மாவுணவைச் சுருக்கியதோடு, உடலுழைப்பையும் அவர் கட்டாயமாக்கினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் ஐம்பதாண்டு இருந்த காலம் அது.

நம் மக்களிடத்தில் இது பலிக்குமா என்பதைச் சென்னையிலேயே சோதித்தனர். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 100க்கு 55 பேர் நீரிழிவாளராயினர். உணவைத் திருத்தி நாள்தோறும் அரைமணி விரைந்து நடக்கச் சொல்லப்பட்டோரில் 100க்கு 39 பேர் மட்டுமே. உடலுழைப்புத் தொழில் செய்வோருக்குப் புதிதாக நடை விதிக்கவில்லை; செய்வதையே தொடரச் சொன்னார்கள். இது நியாயமான ஏற்பாடு. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்து வந்தவரை மாலையில் பூங்காவில் நடக்கச் சொல்வது கேலியாகும்.

சோற்றை எவ்வளவு குறைப்பது? நம் நாட்டார் பெறும் வலுவில் 100க்கு 60 பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதனை 49 முதல் 54 அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 அளவுக்கு ஏற்றினால், புதிதாக நீரிழிவு கண்டோருக்கு அது தணிய வாய்ப்புண்டு என்று 2022இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. சோற்றை அறவே துறக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டு கரண்டிச் சோறு ஒன்றாகி, அந்த இடத்தில் பயறோ, முட்டையோ, மீனோ, கீரையோ அமர்ந்தால் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் அகற்ற வேண்டும். வடக்கே வாழும் நம்மவர் பலர், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டோம் என்று மகிழ்கின்றனர். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், கோதுமையிலும் கேழ்வரகிலும் 70 கிராமுக்கு அண்மையில் உண்டு. நார்ச்சத்து மிகுதி என்பது அவற்றின் சிறப்பு. அதற்காகக் களியை மலைபோல் குவித்து உண்ணலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் நேரும். மருந்தின் அளவையும் உடன் மாற்றியாக வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர் புரதத்தைத் தாமாகக் கூட்டுதல் ஆகாது.

செலவு ஒன்று இருக்கிறது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ரேஷன் கடையில் அரிசி மலிவு. பருப்பும் முட்டையும் மீனும் மலிவல்ல. அரிசியைக் குறை என்னும் அறிவுரை வசதியுள்ளவனுக்கு மருந்து. கூலியாளுக்கோ அது கடைக்காரன் கணக்கில் ஏறும் கடன். நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பக்கத்தில் பயறும் பருப்பும் போதிய அளவு அமர்ந்தாலன்றி, சின்னக்கானல் லயத்தில் இந்த உணவுமுறை பேச்சளவில் நின்றுவிடும்.

அம்மலையில் ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவரை நாம் கண்டோம். எழுபது கடந்த மூதாட்டியார். தம் தாயார் சோறு உண்ண வேண்டியே மலையேறி வந்தார் என்றும், தமக்கோ மருத்துவர் அதே சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்றும் கூறிச் சிரித்தார். மதியம் ஒரு கரண்டிதான் உண்கிறாராம். லயத்துக்குப் பின்னால் பீன்ஸும் கீரையும் போட்டிருக்கிறார். நான்கு கோழிகள் உண்டு. உண்டபின் படுப்பதில்லை, பழைய பெரட்டுக் களம் வரை சரிவில் ஏறி இறங்குகிறார். தாயார் ஊரில் நெல்லுச்சோறு தீபாவளிக்கு மட்டும் வெந்தது என்பதை அவர் மறக்கவில்லை. ஆகவே தாமும் தீபாவளியன்று மட்டும் கரண்டிக் கணக்குப் பார்ப்பதில்லை என்றார்.