மடு: சொரூபமும் முகாமும்

சிலமலையில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி போடிமெட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். மேலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. தங்கும் கொட்டகையில் முதலில் அடுப்புக்கு இடம் பார்க்கிறார்கள். பிறகு சாமி படத்துக்கு ஓர் ஆணி. சமயம் பற்றிய விசாரணையை நான் இந்த ஆணியிலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

மன்னார்ப் பகுதியிலுள்ள மடுமாதாவின் சரித்திரமே ஓட்டத்தில் ஆரம்பிக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் 1670இல் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. இன்றுள்ள ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1872இல்தான். முதலில் அகதி, தலம் பின்னால் வந்தது.

திருவிழாக் காலத்திலும் மடு ஒரு முகாம்தான். தமிழரும் சிங்களவரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து, குடில் போட்டு, சமைத்துத் தின்று, நாட்கணக்கில் கிடப்பார்கள். பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை முடிந்துகொண்டு திரும்புவார்கள். (மண்ணைப் பற்றி இறையியல் நூல்கள் கொஞ்சம் கூச்சப்படுகின்றன. ஜனங்களுக்குக் கூச்சமில்லை.) எனவே 1990இல் போருக்குத் தப்பிய ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிவாரண நிலையம் ஏற்பட்டபோது, குடில் போடும் பழக்கம் புதிதல்ல. திரும்பிப் போகும் தேதிதான் இல்லை. அடுப்பு மூட்டுவதும் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதும் அந்தியில் செபமாலை சொல்வதும் ஒரே நாளின் வேலைகள்.

1999 நவம்பர் 20 இரவு ஆலயத்தின்மீது எறிகணைகள் விழுந்தன. அடைக்கலம் தேடி உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். புனித எல்லை காக்கும் என்ற நம்பிக்கை என்னவாயிற்று? இதற்குச் சுலபமான பதில் சொல்கிறவர்களை, அவர் குருவானாலும் நாத்திகரானாலும், நான் நம்பத் தயாரில்லை. நடந்ததை மட்டும் சொல்லலாம். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். காப்பாற்றவேண்டிய மாதாவை ஜனங்களும் குருக்களும் காப்பாற்றினார்கள். 1670இல் நடந்ததும் இதுவே. நம்பிக்கை என்பது ஒருவழிப் பாதுகாப்பு ஒப்பந்தமாக அங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நமது சிறு பத்திரிகைகள் அந்நியமாதலையும் இருத்தலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. காம்யூவைப் படித்தோம். தேனி மாவட்டத்திலேயே 1983க்குப் பிறகு ஏற்பட்ட முகாம்களில், ஒரே அறையைச் சேலையால் இரண்டாக மறைத்து வாழ்ந்தவர்களை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். நான் போனது மிகவும் பிந்தி. அதிகாரி கணக்கெடுக்க வரும் நாளில் எல்லாரும் இருந்தாகவேண்டும் என்பதால், திருவிழாவுக்குப் போவதற்குக்கூட அனுமதி கேட்கிற வாழ்க்கை அது.

2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மடுவைக் கண்டதில்லை. சுவரில் ஆணியடித்த படத்தில்தான் தெரியும்.