அராபிகாக் காப்பியின் குறுகிய குடிவழி

உலகில் விளையும் காப்பியில் பாதிக்கு மேற்பட்டது அராபிகா இனமே. (நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுப்பவை பெரும்பாலும் ரொபஸ்தா, லைபீரிகா வகைகள், அவற்றின் கதை வேறு.) பிரேசில் முதல் கென்யா வரை மலைமலையாகப் பரந்து கிடக்கும் அராபிகாச் செடிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுக்குள் வேற்றுமை மிகவும் குறைவு எனக் கண்டனர்.

இதற்கு முதற்காரணம் நம் மனித இனம் தோன்றுவதற்கும் முந்தியது. ஆப்பிரிக்கக் காட்டில் ரொபஸ்தாவும் யூஜினியோய்டிஸ் என்னும் மற்றோர் இனமும் தற்செயலாகக் கலந்து பிறந்ததே அராபிகா. பெற்றோருக்கு 22 குரோமோசோம்கள், பிள்ளைக்கு 44. ஆகவே பெற்றோர் இனங்களுடன் அது மீண்டும் எளிதில் கலக்க இயலவில்லை. தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பதும் அதன் இயல்பு. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அறிஞர் யார்க்கோ சலோயார்வி முதலியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இக்கலப்பு 3.5 இலட்சம் முதல் 6.1 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகக் கணிக்கிறது.

இரண்டாம் காரணம் வணிகம். எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளிலிருந்து யேமனுக்குச் சென்றது அராபிகாவின் ஒரு சிறு கிளை மட்டுமே. அக்கிளையைத்தான் டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாவில் நட்டனர். 1706இல் யாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரப் பூங்காவுக்குக் காப்பிச் செடி போயிற்று. அதன் வழிவந்த கன்று ஒன்று 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாயிற்று. திப்பிகா எனப்படுவது இக்குடும்பமே. பிரெஞ்சுக்காரர் யேமனிலிருந்து நேரே பூர்போன் தீவுக்குக் கொண்டுசென்றது மற்றொரு குடும்பம். அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்கள் நெடுங்காலம் இவ்விரண்டையே நம்பியிருந்தன.

இத்தகைய ஒருமைக்கு உரிய விலையை முதலில் கொடுத்தது இலங்கை. 1869இல் அங்கே இலைத்துரு நோய் தோன்றியது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாகப் படியும் பூஞ்சை அது. ஒரு செடியை வீழ்த்த வல்ல பூஞ்சைக்கு அடுத்த செடியும் புதிதன்று. 1880இல் வந்த ஆய்வாளர் மார்ஷல் வார்டு நோய் பரவும் முறையைத் தெளிவாகக் கண்டறிந்தார். தோட்டங்களைக் காக்க முடியவில்லை. காப்பி போய்த் தேயிலை வந்தது. வரலாற்று நூல்கள் இம்மாற்றத்தைத் துரைமார்களின் இழப்பாகவே பெரிதும் எழுதுகின்றன. தமிழகத்திலிருந்து கால்நடையாகக் கண்டிச் சீமைக்குச் சென்று அத்தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் வேலையிழந்து நின்றதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

நோயை எதிர்க்கும் மரம் ஒன்று 1920களில் திமோர் தீவில் கிடைத்தது. அராபிகாவும் ரொபஸ்தாவும் இயற்கையாகவே கலந்த அபூர்வப் பிறவி அது. கத்திமோர் போன்ற வகைகள் பல அதன் வழி உருவாயின. ஆனால் எதிர்ப்பாற்றலுக்கும் மீண்டும் ஒரே மூலத்தை நம்பியதாயிற்று! அவ்வழி வந்த லெம்பிரா வகை, ஹொண்டுராசில் 2017இல் துருநோய்க்கு ஆட்பட்டது தெரியவந்தது.

எனவே அறிஞர்களின் கண் எத்தியோப்பியக் காடுகளின் மீதே நிற்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1964-65இல் அங்கு ஒரு குழுவை அனுப்பி, 621 மாதிரி விதைகளைத் திரட்டியது. அவற்றின் வழிவந்த மரங்கள் பல கோஸ்தா ரிக்காவின் துரியால்பாவில் வளர்க்கப்படுகின்றன. நெல்லைப்போல் காப்பி விதையை உலர்த்தி, உறையவைத்து நெடுங்காலம் சேமிக்க இயலாது; மரமாகவே நிற்கவைத்துப் பேண வேண்டும். தாய்க்காடுகளோ சுருங்கி வருகின்றன. 2019இல் கியூ தாவரவியல் பூங்கா அறிஞர்களின் மதிப்பீட்டில், காட்டு அராபிகாவும் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.