புளிப்பு மண் காத்ததும் கரைத்ததும்

வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து வேலை பார்த்தவனுக்கு மண்ணின் புளிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீராறு அணைக்குப் பக்கத்தில் இருக்கும் உபாசி ஆராய்ச்சி நிலையத்துக்கு மண் மாதிரி அனுப்புவோம். பி.எச். எத்தனை என்று சீட்டு வரும். நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருந்தால் தேயிலைக்குக் கொண்டாட்டம். அதற்கும் கீழே இறங்கினால் டோலமைட் போடச் சொல்வார்கள். அந்த மண்ணில் புதைத்த மனிதர்களின் எலும்பு என்ன ஆகும் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

நான் பீல்டு ஆபீசராக இருந்தபோது பழைய மயானம் ஒன்றின் ஓரமாக மறுநடவுக்குக் குழி எடுத்தோம். எலும்பு வந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடி வளையல் துண்டுகள் வந்தன, துரு ஏறிய கொக்கி ஒன்று வந்தது, மூடி நசுங்கிய பித்தளைச் சிமிழ் ஒன்று வந்தது. எலும்பு ஒரு துண்டுகூட வரவில்லை. குழி வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, “எங்க அம்மாயி இங்கதானுங்க சார் இருக்குது” என்றார். இருந்த இடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நல்ல வடிகாலும் காற்றும் உள்ள சரிவு, வருஷம் முழுக்க ஈரம், மண்ணில் அமிலம். எலும்பில் உள்ள சுண்ணாம்பு அதில் கரைந்து ஓடைக்குப் போய்விடும். சதையை அதற்கு வெகு முன்பே நுண்ணுயிர்கள் முடித்திருக்கும்.

இதே புளிப்பு வேறொரு நாட்டில் ஆளை முகத்தோடு வைத்திருக்கிறது.

1950 மே மாதம் டென்மார்க்கில் சில்க்கபோர் ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில் ஒரு குடும்பத்தார் அடுப்புக்காகப் பீட் வெட்டினார்கள். பீட் என்பது செத்த பாசியும் புல்லும் தண்ணீருக்குள் மட்கியும் மட்காமலும் ஆயிரக்கணக்கான வருஷம் படிந்த கறுப்புக் கரிச்சேறு. காயவைத்தால் நன்றாக எரியும். வெட்டிய இடத்தில் ஒரு முகம் தெரிந்தது. மூடிய கண், நெற்றியில் சுருக்கம், தாடையில் ஓரிரு நாள் முள்தாடி. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தலையில் தோல் தொப்பி, இடுப்பில் வார், வேறு துணி இல்லை. கழுத்தில் பின்னிய தோல் கயிறு. தொல்லியலாளர் பி.வி. குளோப் வந்து பார்த்துப் பழைய காலத்து ஆள் என்றார். டோலுண்ட் மனிதன் என்று பெயர் வைத்தார்கள். இப்போதைய கரிமக் கணிப்பு கி.மு. 405க்கும் 380க்கும் நடுவில் செத்தவர் என்கிறது. வயிற்றில் வாற்கோதுமையும் ஆளிவிதையும் களை விதைகளும் சேர்ந்த கஞ்சி இருந்தது. 2021இல் மறுபடி ஆராய்ந்தபோது மீனும் சாப்பிட்டிருந்தது தெரிந்தது.

கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டு என்றால் நம் நொய்யல் கரையில் கொடுமணல் இருந்த காலம். சென்னிமலைக்குப் பக்கத்தில், இரும்பு உருக்கியும் கல்மணி கோர்த்தும் பிழைத்த ஊர். அங்கே கல்பதுக்கைகளைத் திறந்தால் சூதுபவள மணியும் வாளும் பானையும் எலும்பும் கிடைக்கின்றன. சமவெளியின் வறண்ட மண் எலும்பைக் கொஞ்சம் விட்டுவைக்கும். தோலையும் முடியையும் விடாது. கொடுமணல்காரர் ஒருவர் கடைசியாக என்ன கஞ்சி குடித்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. டேனிஷ்காரரின் முள்தாடியை எண்ணிவிடலாம். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைக்கவில்லை.

சதுப்பு எப்படிக் காக்கிறது? தோட்டத்து மண்ணோடு ஒத்துப்பார்த்தால் சுலபமாகப் புரியும். புளிப்பு இரண்டிலும் உண்டு. ஆனால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், காற்று உள்ளே இறங்காது, ஆகவே அழுகவைக்கும் நுண்ணுயிருக்கு வாழ வழியில்லை. குளிர் வேறு. ஸ்பாக்னம் என்ற பாசி செத்து மட்கும்போது வெளிவிடும் பொருள் உடம்புத் தோலைப் பிடித்து இறுக்கிப் பதனிடுகிறது. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஆட்டுத்தோலை ஊறப்போட்டுப் பழுப்பாக்கி எடுத்தார்களே, அந்த வேலையைத்தான் பாசி ஆள் இல்லாமல் செய்கிறது. முடி சிவந்துவிடும். எலும்பு மட்டும் அங்கேயும் தப்பாது; சுண்ணாம்பு போய்ச் சில உடல்களில் ரப்பர்போல வளையும். எங்கள் மண் எல்லாவற்றையும் கரைக்கிறது, அந்தச் சேறு எலும்பைக் கரைத்துத் தோலை வைத்துக்கொள்கிறது.

போலீசுக்கு ஆள் அனுப்பும் கதை டென்மார்க்கோடு முடியவில்லை. 1983இல் இங்கிலாந்தின் செஷயரில், லிண்டோ என்ற சதுப்பில், பீட் எடுத்த தொழிலாளர்களுக்கு ஒரு பெண்ணின் தலை கிடைத்தது. பக்கத்தில் குடியிருந்தவர் ஒருவரின் மனைவி இருபது வருஷத்துக்கு மேலாகக் காணவில்லை. போலீசுக்கு அவர்மேல் முன்பே சந்தேகம். தலை கிடைத்த செய்தி தெரிந்ததும் மனிதர் உடைந்து, நான்தான் கொன்றேன், வெட்டிப் புதைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு தலையைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினால் சுமார் 1,700 வருஷம் பழையது என்று முடிவு வந்தது. ரோமானியர் காலத்துப் பெண். வாக்குமூலத்தைத் திரும்பப் பெற முயன்றும் பலிக்கவில்லை, தண்டனை உறுதியானது. மனைவியின் உடல் கிடைக்கவே இல்லை. மறு வருஷம் அதே சதுப்பில் லிண்டோ மனிதன் கிடைத்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனார்.

கிடைத்த உடல்களில் பல அடிபட்டவை, கழுத்து அறுபட்டவை, தூக்கிலிடப்பட்டவை. பலியா, தண்டனையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அயர்லாந்தில் 2003இல் கிடைத்த குளோனிகேவன் மனிதன் தலைமுடியில் பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் பக்கத்துப் பைன் பிசின் தடவியிருந்தார். அவரைக் கொன்ற காரணம் எதுவானாலும், அலங்காரம் தெரிந்த ஆள்.

நம் மலையில் பீட் இல்லையா? இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லா, கோல்கிரெய்ன் பள்ளத்தாக்குகளில் புல்லும் கோரையும் மட்கிய கரிச்சேறு உண்டு. மனித உடலுக்குத்தான் வழியில்லை. தோடர்கள் இறந்தவரை எரிப்பவர்கள். மலையுச்சியில் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகளை பிரீக்ஸ் என்ற கமிஷனர் தோண்டியபோதும் கிடைத்தது பெரும்பாலும் வெந்த எலும்பும் சாம்பலும், எருமையும் ஆளும் உட்கார்ந்த மண்மூடிகளுமே. அவர் நூல் 1873இல் வந்தது.

ஆனால் அந்தச் சேறு காத்தது சின்ன விஷயம் இல்லை. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அதை அடுக்கு அடுக்காக எடுத்துக் கரிமத்தை அளந்தார்கள். மரமும் வெப்பப் புல்லும் விட்டுச்செல்லும் கரிமம் வேறு வேறு விகிதம். 1993இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட கணக்கு 20,000 வருஷத்துக்குப் போகிறது. பிறகு வந்த ஆய்வு 40,000 வருஷம் வரை இறங்கியது. பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் ஓங்கியதும், சுமார் 10,000 வருஷத்துக்கு முன் மழை பெருத்துக் காடு ஏறியதும் சேற்றில் பதிவாகியிருந்தன. இதில் எனக்குப் பிடித்தது வேறு. தோடர் எருமை மேய்த்தும் தீ வைத்தும்தான் சோலை அழிந்து புல்வெளியானது என்று ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்காரத் துரைகள் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து யூகலிப்டசும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரமும் நட்டார்கள். மேய்ப்பவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருந்தது என்று சேறு சாட்சி சொல்லிவிட்டது.

வால்பாறைக்கு மேலே அக்காமலை கிராஸ் ஹில்ஸிலும் அந்தச் சோலையும் புல்லும்தான். கீழே தோட்டங்களுக்கு நடுவே, தேயிலை வேர் அழுகிவிடும் என்று நடாமல் விட்ட சேற்றுப் பள்ளங்கள் இருக்கின்றன. யானை இறங்கும், ஆட்கள் சுற்றிப் போவார்கள். 1890களின் கடைசியில் கார்வர் மார்ஷ் காட்டை வெட்டித் தோட்டம் திறந்ததற்கு கவர்க்கல்லில் சிலை இருக்கிறது. அவருக்கும் பின்னால் வந்த துரைகளுக்கும் கங்காணிகள் கூட்டி வந்த தொழிலாளர்களில் மலேரியாவில் செத்தவர்களுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. பி.எச். டேனியல் என்ற தோட்டத்து டாக்டர் எழுதிய நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்ததால் அவர்கள் கதை தெரிகிறது. மண் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை, காகிதம்தான் வைத்தது.

சேற்றுப் பள்ளத்தில் மனிதர் கிடைப்பார் என்று நான் சொல்லவில்லை. காடு வெட்டுமுன் என்ன மரம் நின்றது, எந்த வருஷம் தீ ஓடியது, தேயிலைக்கு முன் யார் அடுப்பெரித்தார்கள் என்பதற்கான மகரந்தமும் கரித்தூளும் அங்கே படிந்திருக்க வாய்ப்பு உண்டு. வடிகால் வெட்டி ஒருமுறை காற்றுப் புகுந்தால் அத்தனையும் மட்கிவிடும். தோட்ட நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பள்ளத்தில் வடிகால் எடுக்கவோ, ரோட்டுக்கு மண் கொட்டி மூடவோ ஆள் அனுப்பும் முன், குழாய் இறக்கி ஒரு மண் தண்டு எடுக்க ஆராய்ச்சிக்காரர்களைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் வேலைதான் அது.